குட்டி எத்தனை நாள் குட்டியாக இருக்கும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் பூனைக்குட்டி வளர்ப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கூடைக்குள் நாலு குட்டி உட்கார்ந்திருக்கும் படம். யாருக்குத்தான் மனசு இளகாது? ஆனால் வளர்ந்த பூனையைத் தத்தெடுக்கலாமே என்று ஒரு வரிகூட இல்லை.

ஆறு வருடம் முன்பு நானும் குட்டிதான் கேட்டு வாங்கினேன். கண் திறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தால் அதிகம். 8 வாரமாவது தாயோடு இருக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. பசும்பாலில் தண்ணீர் கலந்து இங்க் ஃபில்லரால் ஊட்டினேன். மூன்றாம் நாள் கழிச்சல். ஐந்தாம் நாள் காலையில் பழைய துண்டுக்குள் விறைத்துக் கிடந்தது. பசும்பால் அதற்கு ஆகாது என்று டாக்டர் அப்புறம்தான் சொன்னார். பூனையும் பால் கிண்ணமுமாக முப்பது வருடம் கரும்பலகையில் வரைந்து காட்டிய ஒன்றாம் வகுப்பு டீச்சர் நான்.

சாம்பி வந்தது மூன்று வருடம் முன்பு. கீழ்வீட்டுக்காரர்கள் மாற்றலாகிப் போனபோது விட்டுவிட்டுப் போன பூனை. பல்லைப் பார்த்த டாக்டர், நாலைந்து வயதிருக்கும் என்றார். இடது காது நுனி நேராக வெட்டியிருந்தது. தெருப்பூனைக்குக் கருத்தடை செய்தால் வைக்கும் அடையாளமாம். அந்தச் செலவு மிச்சம். தடுப்பூசி மட்டும் போட்டோம்.

பெரிய பூனை பழகாது என்பார்கள். முதல் ஒன்பது நாள் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பகலெல்லாம் தையல் மெஷினுக்குப் பின்னால் இரண்டு கண் மட்டும் தெரியும். விளக்கணைத்த பிறகு வந்து, வேகவைத்த மத்தியைத் தின்றுவிட்டு மறுபடி உள்ளே போய்விடுவாள். நான் கூப்பிடவும் இல்லை, பிடித்து இழுக்கவும் இல்லை. அந்த அறையிலேயே உட்கார்ந்து என் வேலையைப் பார்த்தேன். பத்தாம் நாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது வந்து முறத்தின் விளிம்பில் கன்னத்தைத் தேய்த்தாள். அப்புறம் என் முழங்காலில். வெளிக்குப் போக வைத்த மணல் தட்டை அவளுக்கு ஒரே ஒரு முறைதான் காட்டினேன்.

குட்டி குட்டியாக இருப்பது ஆறேழு மாதம். வீட்டுக்குள் வளரும் பூனை 12, 15 வருடம் இருக்கும். அதாவது குட்டி எடுத்தவரும் கடைசியில் வளர்க்கப்போவது பெரிய பூனையைத்தான். அது எப்படிப்பட்ட பூனை என்பதுதான் அவருக்குத் தெரியாது. கருத்தடை செய்யாமல் விட்டால் பெட்டை ஆறு மாதத்திலேயே சினை பிடித்துவிடும், 9 வாரத்தில் குட்டி போடும். கடுவன் சுவரெல்லாம் மூத்திரம் பீய்ச்சும். உடனே கோணியில் கட்டி மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிடுகிறார்கள். அங்கே செதிலுக்கு அடித்துக்கொள்ளும் பூனைகளையும் ஒருகாலத்தில் யாரோ மடியில் வைத்துக் கொஞ்சியிருப்பார்கள்.

எனக்கு 67 வயது. இன்று குட்டி எடுத்தால் அது கிழமாகும்போது நான் எண்பதைத் தாண்டியிருப்பேன், இருந்தால். யார் பார்ப்பது? ஏழெட்டு வயதுப் பூனை என்றால் கணக்கு சரியாக வருகிறது. அது திரைச்சீலையில் ஏறாது, நடுராத்திரியில் கால் கட்டைவிரலைக் கடிக்காது. குட்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை. பகலிலும் வீட்டில் ஆள் இருந்து, ஓடிப் பிடிக்கத் தெம்பும் இருந்தால் இரண்டாகவே எடுங்கள், ஒன்றுக்கொன்று துணை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். தத்துக்குக் காத்திருக்கும் பூனைகளின் படம் போடும்போது பெரிய பூனைகளையும் சேர்த்துப் போடுங்கள். படத்துக்குக் கீழே வயது, கருத்தடை ஆயிற்றா, நாயைக் கண்டால் என்ன செய்யும், சின்னப் பிள்ளைகள் தூக்கினால் பொறுத்துக்கொள்ளுமா என்று இரண்டு வரி எழுதினால் போதும். குட்டியின் படத்துக்குக் கீழே இதில் பாதியைக்கூட யாராலும் எழுத முடியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தாம்பரம்.