கால்சீன் ஏ.எம். சாயம் குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

உயிருள்ள செல்களை எண்ணுவதற்காக எங்களிடம் கால்சீன் ஏ.எம். வாங்கும் ஆய்வகங்கள் சிலவற்றிலிருந்து, பெங்களூரில் மழை பிடித்த நாளிலிருந்து ஒரே புகார் வந்துகொண்டிருக்கிறது: செல்கள் மங்கலாகத் தெரிகின்றன, சுற்றியுள்ள திரவமோ பச்சையாக ஒளிர்கிறது. முதலில் சரக்கில்தான் கோளாறு என்று நினைத்து மாற்றிக் கொடுத்தோம். மாற்றிக் கொடுத்த வயலிலும் (சாயம் அடைத்து வரும் சிறு குப்பி) அதே கதை என்று தெரிந்த பிறகு, யஷ்வந்த்பூரிலிருந்து கிளம்பி ஓர் ஆய்வகத்துக்கு நேரிலேயே போய்ப் பார்த்தோம்.

வெளியே தூறல்; ஜன்னல் பாதி திறந்திருந்தது. ஆராய்ச்சி மாணவி மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரிலிருந்து வயலை எடுத்தார், கையுறை விரலால் ஒரு முறை துடைத்தார், உடனே மூடியைத் திருகினார். துடைத்த இடத்தில் அவர் திருகி முடிப்பதற்குள்ளேயே மறுபடியும் நீர் முத்து முத்தாகப் பூத்துவிட்டது. வெளியே பூத்த நீர் உள்ளேயும் பூக்கும் அல்லவா? அவரைக் குறை சொல்ல வழியில்லை. நாங்கள் வயலோடு வைத்த தாளில் 'ஃப்ரீசரில் வைக்கவும்' என்று மட்டுமே இருந்தது. எப்படித் திறப்பது என்று ஒரு வரிகூட இல்லை. தவறு எங்களுடையது.

ஈரம் இந்தச் சாயத்தை ஏன் இப்படிக் கெடுக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். கால்சீன் இயல்பிலேயே பச்சையாக ஒளிரக்கூடியது. ஆனால் மின்னூட்டம் மிகுந்தது என்பதால் செல் சவ்வைத் தாண்டி உள்ளே போகாது. அதன்மேல் அசிட்டாக்ஸிமெத்தில் எஸ்டர் குழுக்களை ஏற்றினால் ஒளிர்வு அடங்கிவிடுகிறது, சவ்வைக் கடக்கும் தன்மையும் வந்துவிடுகிறது, 'ஏ.எம்.' என்ற இரண்டு எழுத்து குறிப்பது இதைத்தான். உயிருள்ள செல்லுக்குள் இருக்கும் எஸ்டரேஸ் நொதிகள் அந்தக் குழுக்களை வெட்டி எடுத்தவுடன், விடுபட்ட கால்சீன் வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கி, சுமார் 495 நானோமீட்டர் நீல ஒளியை வாங்கி 515 அளவில் பச்சையாக ஒளிர்கிறது. வயலில் ஈரம் புகுந்தால் இந்த வெட்டுவேலை நொதிக்குக் காத்திராமல் வயலுக்குள்ளேயே தொடங்கிவிடும். பிறகு நீங்கள் செல்களுக்குக் கொடுப்பது ஏற்கெனவே ஒளிரும், ஆனால் உள்ளே நுழைய முடியாத சாயம். திரவம் பச்சை, செல் மங்கல் என்ற புகாரின் விளக்கம் இவ்வளவுதான்.

ஆகவே வயலை மூடியபடியே அரை மணி நேரம் அறை வெப்பத்தில் வைத்துவிட்டுத் திறக்க வேண்டுகிறோம். கரைப்பதற்கு நீர் நீக்கிய டி.எம்.எஸ்.ஓ. (டைமெத்தில் சல்ஃபாக்ஸைடு என்ற கரைப்பான்) மட்டுமே ஏற்றது; பல மாதங்களாகத் திறந்து திறந்து மூடிய பழைய பாட்டில் வேண்டாம், ஏனெனில் டி.எம்.எஸ்.ஓ.வும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். 50 மைக்ரோகிராம் வயலில் 50 மைக்ரோலிட்டர் விட்டால் ஏறக்குறைய 1 மில்லிமோலார் கரைசல் கிடைக்கும். அதில் 1 மைக்ரோலிட்டரை 1 மில்லிலிட்டர் பஃபரில் (அமில-காரச் சமநிலையைக் காக்கும் கரைசல்) கலந்தால் 1 மைக்ரோமோலார். பெரும்பாலான செல்களுக்கு அங்கிருந்து தொடங்கலாம். பஃபரில் கலந்ததை அன்றே பயன்படுத்திவிடுங்கள். செல் வளர்க்கும் ஊடகத்தில் சேர்க்கும் சீரத்திலும் எஸ்டரேஸ் உண்டு என்பதால், சாயம் இடுவதற்கு முன் செல்களைப் பி.பி.எஸ். (பாஸ்பேட் பஃபர் உப்புக் கரைசல்) கொண்டு கழுவிவிடுவது நல்லது.

இறந்த செல்களுக்காக உடன் சேர்க்கும் புரோபிடியம் அயோடைடு பற்றிப் புகார் அநேகமாக வருவதில்லை. அது முழுமையான சவ்வைத் தாண்டாது. சவ்வு கிழிந்த செல்லுக்குள் புகுந்து டி.என்.ஏ.வில் ஒட்டிய பிறகே பன்மடங்கு பிரகாசமாகச் சிவப்பில் ஒளிரும். டி.என்.ஏ.வில் ஒட்டும் பொருள் என்பதால் கையுறை அணியுங்கள், மிச்சத்தைத் தொட்டியில் கொட்டாதீர்கள்.

தொலைபேசியில் அடிக்கடி கேட்கப்படும் ஒரு கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்கிறோம். பச்சை என்றால் உயிர், சிவப்பு என்றால் சாவு என்று எடுத்துக்கொள்ளலாமா? முழுமையாக அல்ல. பச்சை சொல்வது நொதி வேலை செய்கிறது, சவ்வு ஓட்டையில்லை என்பதை. சிவப்பு சொல்வது சவ்வு கிழிந்துவிட்டது என்பதை. அப்போப்டோசிஸின் (செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் முறை) தொடக்கத்தில் இருக்கும் செல்லுக்குச் சவ்வு இன்னும் முழுதாகவே இருப்பதால், அது பச்சைக் கணக்கில்தான் சேரும். அதைப் பிரித்தறிய, அத்தகைய செல்லின் சவ்வில் ஒட்டும் அனெக்சின் வி என்ற புரதம் தேவை. மருந்தை எதிர்க்கும் சில புற்றுநோய்ச் செல்கள் பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற பம்பால் கால்சீன் ஏ.எம்.ஐ வெளியே தள்ளிவிடுவதால், நன்றாக வாழும் செல்லே மங்கலாகத் தெரிவதும் உண்டு. எங்கள் சாயத்தை விற்கும் நாங்களே இதைச் சொல்வது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் 70 சதவீத எத்தனாலில் கொன்ற செல்களையும், சாயமே இடாத செல்களையும் பக்கத்தில் வைத்துப் பாராமல் எந்த எண்ணையும் நம்ப வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

அடுத்த சரக்கிலிருந்து ஒவ்வொரு வயலும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு தனித்தனி உறையில் வரும். திறக்கும் முறை உறையின் மேலேயே தமிழிலும் அச்சாகியிருக்கும். இந்த மழைக்காலத்தில் வாங்கிய வயல் ஈரத்தால் கெட்டிருந்தால், திறந்ததாயினும், பில் நகலோடு அனுப்பிவையுங்கள். கட்டணமின்றி மாற்றித் தருகிறோம்.

இப்படிக்கு,
உரிமையாளர்,
ஆய்வகப் பொருள் விற்பனையகம்,
யஷ்வந்த்பூர், பெங்களூரு