ஓவன் கதவைத் திறக்கக் கூடாது

லீட்ஸ்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலி ஒரு பக்கம், மாடி அறைக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை ஒரு பக்கம் என்று பதில் தள்ளிக்கொண்டே போய்விட்டது. உன் பாப்பாவுக்கு இந்த ஊரிலேயே படிக்க இடம் கிடைத்ததில் எங்கள் இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை. அந்த மாடி அறையே அவளுக்காகத்தான்.

உன் கடிதத்தில் பாதிக்கு மேல் சாப்பாட்டுக் கவலை. "வெள்ளைக்காரனுக்குச் சமைக்கவே தெரியாது, மிளகைத் தேடித்தானே நம்ம பக்கமே வந்தான்" என்று எழுதியிருக்கிறாய். வாசித்துவிட்டுச் சிரித்தேன். நம் மிளகுத்தண்ணியைக் கொண்டுவந்து, அதில் இறைச்சியைப் போட்டு, 'மல்லிகடானி' என்று பெயரும் வைத்துக் குடித்தவர்கள்தான். ஆனால் சமைக்கத் தெரியாது என்பதை நான் இப்போது ஒத்துக்கொள்ள மாட்டேன். வந்த புதிதில் கேட்டிருந்தால் உன்னைவிடச் சத்தமாகச் சொல்லியிருப்பேன்.

1994 நவம்பர். வந்த முதல் சனிக்கிழமை, குளிர் தாங்காமல் ஒரு பப்புக்குள் நுழைந்தேன். மேஜையில் உட்கார்ந்து அரை மணி நேரம் காத்திருந்தேன், ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கறுப்பு ஆள் என்பதால் கண்டுகொள்ளவில்லையோ என்று உள்ளுக்குள் கொதிப்பு. கடைசியில் பக்கத்து மேஜைத் தாத்தா, "தம்பி, கவுண்டரில் போய்ச் சொல்லிப் பணமும் கட்டினால்தான் வரும்" என்றார். 'சிக்கன் பை' வந்தது, மாவு மூடி போட்டு ஓவனில் சுடுகிற கோழிப் பண்டம். கிண்ணத்தில் வெள்ளையாக ஒரு குழம்பு, அதன்மேல் சம்பந்தமில்லாமல் உட்கார்ந்திருந்த மாவு மூடி. மைக்ரோவேவில் சூடு பண்ணியது. ஓரம் நாக்கைச் சுட்டது, நடுவில் ஜில்லென்றிருந்தது. கூடவே தண்ணீரில் வெந்து வெந்து உயிர் போன கேரட். அன்றைக்கு அறைக்கு வந்து அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு தேசத்தையே திட்டித் தீர்த்தேன்.

விஷயம் மெதுவாகத்தான் புரிந்தது. பப் என்பது சாப்பாட்டுக் கடையாகப் பிறந்ததே இல்லை. அது பீர் விற்கிற இடம். பாதிக்கு மேல் பப்கள் பீர் கம்பெனிகளுக்கே சொந்தமாக இருந்தன. நடத்துகிறவர் பெரும்பாலும் குத்தகைக்காரர், அந்தக் கம்பெனியின் பீரைத்தான் விற்க வேண்டும். பசித்தால் வினிகரில் ஊறின முட்டை, பன்றித்தோல் வறுவல், ஒரு பாக்கெட் சிப்ஸ். முதல் உலகப்போர்க் காலத்துச் சட்டத்தால் மதியம் மூன்று மணிவாக்கில் பூட்டிவிட்டுச் சாயங்காலம்தான் மறுபடி திறப்பார்கள். 1988 வரைக்கும் இங்கிலாந்தில் இந்தக் கதைதான். இதில் யார் அடுப்படியில் நின்று நிதானமாகச் சமைப்பது? அப்புறம் ஃப்ரீசரும் மைக்ரோவேவும் வந்து, கூடையில் வைத்த கோழி வறுவல், மாவில் முக்கிப் பொரித்த இறால் என்று ஊருக்கு ஊர் ஒரே பட்டியலாகிவிட்டது. 'ப்ளோமேன்ஸ் லஞ்ச்' என்று ஒன்று உண்டு, உழவன் மதியச் சாப்பாடு. ரொட்டி, சீஸ், ஊறுகாய். ஏதோ ஏர் பிடித்த காலத்துப் பெயர் என்று நானும் மரியாதையோடு சாப்பிட்டேன். 1960களில் பால் விற்பனை வாரியம் சீஸ் விற்பதற்காகப் பரப்பின பெயராம் அது!

இன்னொன்றும் இருக்கிறது. 1940 ஜனவரியில் தொடங்கிய ரேஷன் இங்கே 1954 ஜூலையில்தான் முழுசாக முடிந்தது. ஆளுக்கு வாரம் ஒரு முட்டை, மற்றதற்கு முட்டைப்பொடி. போரின்போதுகூட ரொட்டிக்கு ரேஷன் இல்லை, போர் முடிந்து 1946இல் அதற்கும் வந்தது. பதினான்கு வருஷம், வனவாசக் கணக்கு. அந்த வருஷங்களில் அம்மாவிடம் சமையல் கற்றுக்கொண்ட பெண்பிள்ளைகளுக்கு வெண்ணெயை அள்ளிப் போடக் கை வருமா?

எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள் அந்தத் தலைமுறைதான். எண்பத்தாறு வயது. நாங்கள் குடிவந்து மூன்று வருஷம் கழித்துத்தான் சாப்பிடக் கூப்பிட்டார். இங்கே அப்படித்தான், அடுப்படி வாசல் சீக்கிரம் திறக்காது. ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட், அதாவது ஓவனில் சுட்ட இறைச்சி. நாங்கள் மாடு சாப்பிடுவதில்லை என்று விசாரித்து வைத்துக்கொண்டு, ஆட்டுத்தொடை போட்டிருந்தார். தொட்டுக்கொள்ளப் புதினாவை நறுக்கி வினிகரும் சர்க்கரையும் கலந்த ஒரு சாஸ். நம் புதினாத் துவையலுக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் பேச்சுவார்த்தை கிடையாது.

சொல்ல வந்தது யார்க்‌ஷயர் புட்டிங்கைப் பற்றி. பெயரைப் பார்த்து இனிப்பு என்று நினைக்காதே. மைதா, முட்டை, பால், உப்பு, அவ்வளவுதான். மாவைக் கரைத்து ஊறவிட வேண்டும். தகரத் தட்டில் மாட்டுக் கொழுப்பு ஊற்றிப் புகை வருகிறவரை ஓவனில் காய்ச்சுவது வழக்கம், எங்களுக்காக எண்ணெய். சுடச்சுட இருக்கும்போதே மாவை ஊற்ற வேண்டும், 'சொய்ங்' என்று சத்தம் வர வேண்டும், உடனே கதவைச் சாத்த வேண்டும். அப்புறம் இருபது, இருபத்தைந்து நிமிஷம் அந்தக் கதவைத் தொடக் கூடாது. திறந்தால் உப்பினது அமுங்கிவிடும். என் வீட்டுக்காரி ஆர்வத்தில் கைப்பிடியில் கை வைத்தாள். அந்த அம்மாள் போட்ட அதட்டலில், அதிரசம் சுடுகிறபோது குறுக்கே போன எங்களை ஆச்சி விரட்டுவாளே, அது ஞாபகம் வந்துவிட்டது. அளவு கேட்டோம். "மாவு க்ரீம் மாதிரி இருக்கணும்" என்றார். நம் ஆட்கள் சொல்கிற 'கை அளவு'தான், வேறு பாஷையில்.

அந்தப் புட்டிங்கை இறைச்சிக்கு முன்னால் தனியாக வெங்காய கிரேவியோடு வைத்தார். அந்தக் காலத்துப் பழக்கமாம். வயிறு முதலில் மாவில் நிறைந்துவிட்டால் கொஞ்ச இறைச்சியை வைத்தே பந்தியைச் சமாளிக்கலாம். கறிக்கு முன்னால் சோற்றைக் குவிக்கிற தந்திரம் நமக்குத் தெரியாததா என்ன. மிஞ்சின உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் மறுநாள் வாணலியில் பிசைந்து முறுக விட்டால் 'பபிள் அண்ட் ஸ்க்வீக்'. எனக்கு ரோஸ்டைவிட அதுதான் பிடித்தது. அந்த அம்மாள் வேகவைத்த பீன்ஸைப் பற்றி மட்டும் நான் வாய் திறக்க மாட்டேன். உப்புப் போட்ட உறவு.

இதெல்லாம் விற்பனைக்கு இல்லாததால் வெளியாட்களுக்குத் தெரியவே தெரியாது. பப்பில் சாப்பிட்டவன் ஊருக்குப் போய்ச் சொன்னதுதான் பெயராகிவிட்டது. நம் கதையும் அதுதானே! இங்கே இந்தியச் சாப்பாட்டுக் கடைகளில் 'மெட்ராஸ்' என்றால் ஒரு காரத்தின் பெயர். குருமா காரமில்லாதது, அதற்கு மேலே மெட்ராஸ், அதற்கும் மேலே விந்தாலு. மயிலாப்பூரில் போய் அந்தக் குழம்பைக் கேட்டால் அடிக்க வருவார்கள்.

பப்களும் இப்போது பழையபடி இல்லை. 1991இல் லண்டன் கிளர்க்கன்வெல்லில் 'தி ஈகிள்' என்ற பப்பை இரண்டு பேர் எடுத்து, பாருக்குப் பின்னாலேயே அடுப்பை வைத்துச் சமைக்க ஆரம்பித்தார்கள். 'கேஸ்ட்ரோபப்', அதாவது நல்ல சாப்பாடு போடுகிற பப், என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்பியது. மார்லோ ஊரில் 'ஹேண்ட் அண்ட் ஃபிளவர்ஸ்' என்ற பப் 2011இல், நல்ல உணவகங்களுக்கு மிஷெலின் கையேடு தருகிற நட்சத்திரம் இரண்டு வாங்கியது, ஒரு பப்புக்கு அது முதல் தடவை. நான் அங்கெல்லாம் போனதில்லை, விலையைப் பார்த்தே வயிறு நிறைந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், பக்கத்து வீட்டு அம்மாளின் மகள் இப்போது ரோஸ்ட் போடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பப்புக்குக் கூட்டிப்போகிறாள். போன மாதம் எங்களையும் அழைத்தார்கள். இறைச்சி அருமை. அந்த அம்மாள் புட்டிங்கை முள்கரண்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, மகள் காதில் விழாமல் என்னிடம், "பாக்கெட்டில் வாங்கினது" என்றார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

சரி, பாப்பாவிடம் என்ன கொடுத்தனுப்பலாம் என்ற பொடி விஷயத்துக்கு வருகிறேன். தங்கச்சியிடம் சொல், பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கொடுத்துவிடட்டும். நெய், பால்கோவா, உப்புக்கண்டம் என்று எதையும் திணிக்க வேண்டாம். பால் பண்டத்தையும் இறைச்சியையும் ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள். பக்கத்து வீட்டில் பாப்பா வருகிற செய்தியைச் சொல்லிவிட்டேன். முட்டை சாப்பிடுவாளா என்று கேட்டார். சாப்பிடுவாள்தானே? மான்செஸ்டரில் எத்தனை மணிக்கு இறங்குகிறாள் என்பதையும் சேர்த்து எழுது.

உன்,
பதினேழாம் நம்பர் அறைக்காரன்