கிதாருக்குள் கிரவுண்ட்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

உன் பழைய எலக்ட்ரிக் கிதாரைத் திறந்து நீ எடுத்து அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் ஈயம் உருண்டையாகத் திரண்டு, தாமரை இலைத் தண்ணீராக நிற்கிறது. மேற்பரப்பு மங்கிப்போய்ச் சொரசொரப்பாகத் தெரிகிறது. செய்தவர் ஈயத்தை உருக்கியிருக்கிறாரே தவிர, கன்ட்ரோலின் தகட்டைச் சூடாக்கவில்லை. பழைய கிதார் வாங்கினால் முந்தைய சொந்தக்காரரின் அவசரமும் சேர்ந்துதான் வீட்டுக்கு வரும்.

இருந்தாலும் ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னை எடுப்பதற்கு முன் உன் கடிதத்தில் ஒன்றைத் திருத்த வேண்டும். தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது, கையை எடுத்தால் கூடுகிறது, ஆகவே கிரவுண்ட், அதாவது சிக்னல் திரும்பிப் போகும் பொது இணைப்பு, விட்டுப்போயிருக்கிறது என்று எழுதியிருந்தாய். பார்த்ததெல்லாம் சரி, முடிவுதான் தவறு. தொட்டதும் குறைகிறது என்றால் தந்தியிலிருந்து, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் வழியாக, கேபிள் செருகும் ஜாக் வரை இணைப்பு ஒழுங்காக இருக்கிறது. அறையிலுள்ள மின்கம்பிகளின் மின்புலத்தை உன் உடம்பு வாங்கி, பக்கத்திலேயே இருக்கும் பிக்அப்புக்கும் (தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் கம்பிச்சுருள்) வயர்களுக்கும் கொடுக்கிறது. தந்தியைத் தொட்ட நொடியில் உடம்பும் கிரவுண்டோடு சேர்ந்துவிடுவதால் அந்த வழி அடைபடுகிறது. தந்திக்குப் போகும் கிரவுண்ட் அறுந்திருந்தால் தொட்டாலும் தொடாவிட்டாலும் இரைச்சல் அப்படியே இருக்கும். தொட்டதும் கூடியிருந்தால், ஜாக்கில் சிக்னல் வயரும் கிரவுண்ட் வயரும் இடம் மாறியிருக்கின்றனவா என்று முதலில் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

ஆக, உன் கிதாருக்கு முக்கியமாகத் தேவைப்படுவது ஷீல்டிங், அதாவது வெளி மின்புலம் புகாமல் உள்ளே உலோகத்தால் மறைப்பது. ஆனாலும் அந்த ஈய உருண்டையையும் மாற்றத்தான் வேண்டும். இன்று வேலை செய்கிறது, அடுத்த முறை கிதார் எங்காவது இடித்துக்கொண்டால் விட்டுப்போகும். வால்யூம் கன்ட்ரோலின் மூன்றாவது காலும் அந்த முதுகில்தான் சேர்கிறது. அந்தக் கால் விட்டுப்போனால் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் குறைத்தாலும் ஒலி நிற்காது.

உன்னிடம் இருக்கும் ஊசி முனை அயர்ன் இந்த வேலைக்கு ஆகாது. கன்ட்ரோலின் முதுகு நல்ல பருமனான உலோகம். வைத்த சூட்டையெல்லாம் இழுத்துக்கொள்ளும். 40 வாட் அல்லது அதற்கு மேல், உளி போல் தட்டையான முனை உள்ளது வேண்டும். சூடு அதிகமானால் கன்ட்ரோல் கெட்டுவிடும் என்று பயந்து சிறிய அயர்னை வாங்குகிறவர்கள்தான் அதைக் கெடுக்கிறார்கள். பலவீனமான முனையை அரை நிமிடம் அழுத்திக்கொண்டிருந்தால் உள்ளே கரித்தடம் வரை சூடு இறங்கும். உராய்வைச் சீராக வைக்கும் கிரீஸும் உருகி ஓடும். வலுவான முனை சில நொடிகளில் வேலையை முடித்துவிடும்.

ஈயக்கம்பியில் 63/37 என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்கு. 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம். அது 183 டிகிரி செல்சியஸில் உருகும், அதே வெப்பத்தில் உறையும். நடுவில் குழகுழவென்று ஒரு நிலை இல்லாததால், ஆறும்போது கை லேசாக நடுங்கினாலும் இணைப்பு கெடும் வாய்ப்பு குறைவு. காரீயம் கலக்காத கம்பிகள் இன்னும் அதிகச் சூடு கேட்கும். எதுவானாலும் உள்ளே ஈயம் ஒட்ட உதவும் ரோசின் என்ற பிசின் இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் பற்றவைக்கும் அமில ஃப்ளக்ஸைக் கிதார் பக்கம் கொண்டுவராதே, கொஞ்ச நாளில் வயரை அரித்துவிடும். ஜன்னலைத் திறந்து வை, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவு.

இப்போது அந்த முதுகு. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, விரல்நுனி அளவு இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய். அயர்னின் முனையைத் துடைத்து, அதில் துளி ஈயம் வைத்து, தட்டைப் பக்கம் முழுவதும் படும்படி தகட்டில் வை. பிறகு ஈயக்கம்பியை முனைக்குக் கொடுக்காதே. முனைக்குப் பக்கத்தில் தகட்டிலேயே தொடு. தகடு தயாராகவில்லை என்றால் கம்பி அப்படியே நிற்கும். தயாரானதும் சட்டென்று உருகி, தானாகப் பரவி, ஓரம் மெலிந்து தகட்டோடு தகடாக இழையும். அந்த ஓரத்தைத்தான் பார்க்க வேண்டும். வயரின் நுனியிலும் தனியாக ஈயம் பூசிக்கொள். பிறகு இரண்டையும் சேர்த்துச் சூடாக்கினால் ஒரு நொடியில் ஒன்றாகிவிடும். உறையும்வரை வயரை அசைக்காதே, வாயால் ஊதாதே. நல்ல இணைப்பில் ஈயத்துக்கு அடியில் வயரின் வடிவம் தெரியும். மூடி மறைக்கிற அளவுக்கு ஈயம் தேவையில்லை.

இதைவிடக் கடினமான இடம் ஒன்று இருக்கிறது: பின்பக்கம் ட்ரெமோலோவின் (பிரிட்ஜை அசைத்துச் சுரத்தை வளைக்கும் பாகம்) ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் தகடு. உன் கிதாரில் தந்திகளின் கிரவுண்ட் வயர் அங்கேதான் போகிறது. அது நன்றாக இருக்கும்போது அதைத் தொடாதே.

எல்லாக் கிரவுண்ட் வயர்களையும் ஒரே புள்ளியில் சேர்க்காவிட்டால் லூப் (வளையம்) உண்டாகி இரைச்சல் வரும் என்று யாரோ உன்னைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். ஆம்ப்ளிஃபையருக்குள் அது பெரிய விஷயம். ஒரு சாண் வயர் ஓடும் கிதாருக்குள் அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். நான் ஒரே புள்ளியில் சேர்ப்பது பழுது தேட வசதி என்பதற்காக மட்டுமே.

ஷீல்டிங்குக்குச் செப்பு டேப் போதும். பசையும் மின்சாரம் கடத்துகிற வகையாக இருக்கட்டும். இல்லையென்றால் டேப்புகள் சேரும் இடங்களில் ஒவ்வொரு சொட்டு ஈயம் வை. கிதார் உடலின் குழிக்குள் ஒட்டியது, அதை மூடும் முன்பக்கத் தகடான பிக்கார்டின் அடியில் ஒட்டியதைத் தொட வேண்டும், இரண்டும் கிரவுண்டில் சேர வேண்டும். ஜாக் இருக்கும் குழியில் மட்டும் கவனம். பிளக்கைச் செருகும்போது ஜாக்கின் ஸ்பிரிங் வெளிப்பக்கம் வளையும்; அது டேப்பைத் தொட்டால் கிதார் ஊமையாகிவிடும். பலர் இதைப் பிக்அப் போய்விட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் பிரித்துப்போடுகிறார்கள். அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடு.

இதையெல்லாம் செய்த பிறகும் மெல்லிய முனகல் ஒன்று மிஞ்சும். கிதாரைத் திருப்பினால் கூடும், குறையும். அது டிரான்ஸ்ஃபார்மர்களின் காந்தப்புலம். செப்பு டேப் அதைத் தடுக்காது. 1955-இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் ஹம்பக்கர் என்ற இரட்டைக் காயில் பிக்அப்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது இந்தத் தொல்லைக்காகத்தான்: எதிரெதிராக அமைத்த இரண்டு காயில்கள், ஒன்றின் முனகலை மற்றொன்று அழித்துவிடும். உன் நடு பிக்அப் மற்ற இரண்டுக்கும் எதிராகச் சுற்றிய எதிர்ச்சுற்று வகையாக இருந்தால், அது பக்கத்துப் பிக்அப்போடு சேர்ந்து ஒலிக்கும் நிலைகளில், அதாவது பிக்அப் சுவிட்சின் இரண்டாம், நான்காம் நிலைகளில் அந்த அமைதி உனக்கும் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் அம்மா கட்டளையாகவே சொல்கிறேன். இரைச்சலைக் குறைக்க ஆம்ப்ளிஃபையர் பிளக்கின் எர்த் பின்னை யாராவது கழற்றச் சொன்னால் கேட்காதே. உன் விரல் படும் தந்தி, கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபையரின் உலோகச் சட்டத்தோடு சேர்ந்திருக்கிறது. எர்த் இல்லாத நிலையில் உள்ளே மின்கசிவு ஏற்பட்டால் அது தந்திக்கே வரும். மைக்கில் உதடு பட்டால் உயிருக்கே ஆபத்து. கிதாரைத் திறக்கும்போதும் கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் மல்டிமீட்டரை எடு. பிரிட்ஜுக்கும் ஜாக்கின் கிரவுண்டுக்கும் நடுவில் ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். பிறகு கேபிளைச் செருகி, வால்யூமை முழுவதும் வைத்து, மறுமுனைப் பிளக்கின் நுனிக்கும் உடலுக்கும் நடுவில் அளந்து பார். உன்னுடையது போன்ற ஒற்றைக் காயில் (சிங்கிள் காயில்) பிக்அப்புக்குப் பெரும்பாலும் 5 முதல் 7 கிலோ ஓம் வரும். 250 கிலோ ஓம் பக்கம் காட்டினால் நீ அளப்பது வால்யூம் கன்ட்ரோலை மட்டும்தான். பிக்அப் வயர் எங்கோ விட்டிருக்கிறது.

மூன்று பிக்அப்புகளின் அளவுகளையும் எழுதி அனுப்பு. புதிய இணைப்பைப் பக்கவாட்டில் படம் எடு. நேர் மேலிருந்து எடுத்தால் ஈயத்தின் ஓரம் எனக்குத் தெரிவதில்லை.

அன்புடன்,
அம்மா