கிணற்றை மூடிய சிமென்ட் கல்

ஆசிரியருக்கு,

கல்லூரி வளாகங்களில் எழும் 'பசுமைக் கட்டடங்கள்' பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். கூரையில் சூரிய மின்தகடு பதித்தால் போதும் என்ற தொனி அதில் இருந்தது. மின்தகடு நல்லதுதான், சரி. ஆனால் சேலத்தின் முதல் கவலை தண்ணீர். சேர்வராயன் அடிவாரம் கடினப் பாறை நிலம். மேல்மண்ணிலும் பாறை வெடிப்புகளிலும் இறங்கும் மழைநீர்தான் இங்கே கிணறுகளுக்கு ஊற்று. அந்த மண்ணை மூடிவிட்டுக் கட்டுவதைப் பசுமை என்று எப்படிச் சொல்வது?

சேலத்தில் ஒரு கல்லூரியில் எழுத்தராக இருந்தேன். புதிய பிளாக் கட்டியபோது, கார் நிறுத்த வசதி என்று முன்புறம் முழுக்கப் பேவர் பிளாக் எனும் சிமென்ட் கல்லைப் பதித்தார்கள். நான்கு புளியமரங்களும் போயின. அடுத்த மழையில் தண்ணீர் கேட்டைத் தாண்டிச் சாலையில் ஓடியது. இரண்டாவது கோடையில் வளாகக் கிணறு வற்ற, தண்ணீர் லாரி வந்தது. அந்த பில்களைப் பதிவேட்டில் ஏற்றியவன் நான்தான். மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாக்கப்பட்ட மாநிலம் இது. எங்கள் கல்லூரியிலும் குழாய் இருந்தது, தொட்டிதான் தூர்வாரப்படவே இல்லை! புதிய கட்டடத்துக்கு அனுமதி தருமுன், மழைநீர் எங்கே இறங்கும், எவ்வளவு இடம் வெறும் மண்ணாக விடப்படும் என்று காட்டும் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, அதை வளாக வாசலிலேயே ஒட்டிவைக்கச் செய்யலாம்.

ஓய்வுபெற்ற கல்லூரி எழுத்தர்,
கன்னங்குறிச்சி, சேலம்.