கோயிலையும் விடாதே, கொள்கையையும் விடாதே

பாளையங்கோட்டை

கிறிஸ்துவுக்குள் அன்பான மகளுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அங்கே சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

போனில் நீ கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். அழுதுகொண்டிருக்கிறவளிடம் வாதம் பண்ண மனசு வரவில்லை. உங்கள் பைபிள் ஸ்டடியில் ஒருவர், லிபரலாக, அதாவது ஏழை எளியவருக்கு அரசாங்கம் உதவ வேண்டும் என்கிற அரசியல் பக்கம், இருக்கிறவன் கிறிஸ்தவனாக இருக்க முடியாது என்றாராம். மற்றவர்கள் ஆமென் என்றார்களாம். நீ யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று தெரிந்ததும் உன் இரட்சிப்புக்காக ஜெபித்தார்களாம். நீயும், "அப்படியென்றால் நான் கிறிஸ்தவள் இல்லை, பிள்ளைக்கு ஞானஸ்நானமும் வேண்டாம்" என்கிறாய். ஏட்டி, அவர்கள் சொன்னதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அதை நீ ஒத்துக்கொண்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உன் லிபரல் கொள்கையை நீ டெக்சாசிலா படித்தாய்? சின்ன வயசில் நம்ம ஊர் கோயில் அசன விருந்துக்குப் போவோமே, அங்கே படித்தது. கோயிலைச் சுற்றிப் பந்தி போட்டால் டாக்டருக்கும் பனையேறிக்கும் பக்கத்துப் பக்கத்து இலைதான். யாருக்கு எவ்வளவு சம்பளம், யார் எந்தத் தெரு என்று பார்த்து யாரும் சோறு வைக்கவில்லை. எல்லாருக்கும் வயிறார வேண்டும் என்று நீ இன்று சொன்னால், அதைச் சொல்லிக்கொடுத்தது நம்ம சபை.

இன்னும் பின்னால் போய்ப் பார். நம்ம ஊருக்கு மிஷனரி இரேனியஸ் ஐயரை 1820-இல் அனுப்பியது லண்டனில் இருந்த சி.எம்.எஸ். என்ற மிஷனரி சங்கம். அதை 1799-இல் தொடங்கிய கூட்டத்தில் வில்பர்போர்ஸ் இருந்தார். அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பார்லிமெண்டில் வருஷக்கணக்காகப் போராடி, 1807-இல் சட்டம் கொண்டுவந்தவர் அவர்தான். நம்ம ஊசிக்கோபுரக் கோயிலைக் கட்டிய இரேனியஸ் ஐயரை அனுப்பியவர்களும் அடிமைச் சங்கிலியை அறுக்கப் பாடுபட்டவர்களும் ஒரே கூட்டம். ஜெபம் ஒரு பக்கம், அரசியல் ஒரு பக்கம் என்று அவர்கள் பிரித்து வைத்திருந்தால் நாம் இன்னும் எங்கே கிடப்போமோ. என் ஆச்சி நாகர்கோவில் பக்கத்துக்காரி. அந்தப் பக்கத்து நாடார் பெண்கள் மார்பை மூடுவதற்கே தெருவில் அடிபட்டார்கள். 1859-இல் திருவிதாங்கூர் ராஜா ஆணையிட்ட பிறகுதான் அந்த உரிமை கிடைத்தது. அவர்களுக்காக மனு எழுதியவர்களில் மிஷனரிகள் உண்டு. ஊர் வழக்கத்தை மாற்றாதே என்று எதிர்த்து நின்றவர்களும் தெய்வத்தின் பெயரைச் சொல்லித்தான் நின்றார்கள்.

எல்லாக் கிறிஸ்தவர்களும் நல்ல பக்கம் நின்றார்கள் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? பீடம் ஒன்று, மண்டபம் இரண்டு. ஒரு சாதி ஒரு மண்டபத்தில், மற்றவர்கள் மற்றதில். அதையும் பக்தி என்று சொல்லித்தான் கட்டினார்கள். 1910-இல் அந்தத் தடுப்பு உடைந்தது. உடைத்ததும் பக்தி உள்ள ஒரு குருவானவர்தான். நீ இருக்கிற நாட்டிலும் இதே கதைதான். அடிமை வைத்திருப்பவரை மிஷனரியாக அனுப்பக் கூடாது என்றதற்காகத் தெற்கத்திப் பாப்டிஸ்டுகள் என்கிற சபையார் 1845-இல் பிரிந்து போனார்கள். அதற்கு அவர்கள் வருத்தம் தெரிவித்தது 1995-இல். மார்ட்டின் லூதர் கிங்கும் பாப்டிஸ்டு போதகர்தானே? 1963-இல் வாஷிங்டனில் அத்தனை ஜனத்துக்கு முன்னால் ஆமோஸின் வசனத்தைத்தான் சொன்னார்: "நியாயம் தண்ணீரைப்போலவும், நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டுவரக்கடவது." அவருடைய அரசியலை விட்டுவிட்டு விசுவாசத்தை மட்டும் தனியாக எடுக்க முடியுமா?

உன்னோடு வாதாடியவர், ஏழைக்கு நாமே கையால் கொடுக்க வேண்டும், அரசாங்கம் வரி வாங்கிக் கொடுப்பது வேதத்தில் இல்லை என்றாராம். விதவை ரூத், போவாஸின் வயலில் கதிர் பொறுக்கின கதையை அவர் இன்னொரு தடவை வாசிக்கட்டும். போவாஸ் நல்லவன்தான். ஆனாலும் வயலோரத்தை அறுக்காமல் விட்டது அவனுடைய நல்ல மனசால் மட்டும் அல்ல. லேவியராகமம் 19-இல் அது கட்டளை. ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்று கர்த்தர் சட்டமாகவே போட்டார். ரூத் அங்கே பிச்சை கேட்டு நிற்கவில்லை. சட்டம் கொடுத்த பங்கைப் பொறுக்கினாள். அவள் மோவாபிய ஸ்திரீ, வெளிநாட்டுக்காரி. அவளுடைய வம்சத்தில்தான் தாவீது வந்தான், இயேசு வந்தார். விசா தாளை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காகக் காத்திருந்த உன்னைவிட இந்தக் கதை யாருக்கு நன்றாகப் புரியும்? கூலி விஷயத்துக்கு யாக்கோபு நிருபம் ஐந்தாம் அதிகாரம் போதும். பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறதாம். அது கர்த்தருடைய காதில் விழுகிறதாம்.

இதற்காக உன் கட்சி பேசுவதெல்லாம் வேதம் என்றும் நான் சொல்லவில்லை. கருக்கலைப்பில் நீயும் நானும் ஒரே கருத்து இல்லை. வயிற்றில் இருப்பது பிள்ளை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் பிரசவத்தில் உயிருக்குப் போராடுகிற தாயை டாக்டர் தொடப் பயப்படும்படி ஒரு சட்டம் இருந்தால், அதையும் கர்த்தருக்குப் பிரியம் என்று என்னால் சொல்ல முடியாது. இதை நாம் இன்னும் பேசுவோம், சண்டையும் போடுவோம். அதனால் நீயோ நானோ விசுவாசத்தை இழந்தவர்கள் ஆகிவிட மாட்டோம்.

ஒன்று மட்டும் உன்னிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், மக்கா. அந்த பைபிள் ஸ்டடிக்காரர்களை நீ வெறுக்கக் கூடாது. போனில் அவர்களைப் பற்றி நீ பேசின தொனி எனக்குப் பிடிக்கவில்லை. இயேசு கூப்பிட்ட பன்னிரண்டு பேரில் மத்தேயு ரோமருக்காக வரி வசூலித்தவன். செலோத்தே, அதாவது தீவிர வைராக்கியக்காரன், என்னப்பட்ட சீமோனோ, அந்தப் பெயரைப் பார்த்தால் ரோமரைத் துரத்தத் துடித்தவன். வெளியே சந்தித்திருந்தால் ஒருவன் குரல்வளையை ஒருவன் பிடித்திருப்பான். இரண்டு பேரையும் அவர் ஒரே பந்தியில் உட்கார வைத்தார். கட்சி மாறிவிட்டு வா என்று மத்தேயுவிடம் சொன்னதாகவும் இல்லை, சீமோனிடம் சொன்னதாகவும் இல்லை. ஆனால் தன் சத்துருவை நேசி என்று இரண்டு பேருக்கும் சொன்னார். உன் கொள்கை உனக்கு இதைக் கற்றுத் தராது. இதற்காகத்தான் உனக்குக் கோயில் வேண்டும் என்கிறேன்.

அந்தச் சபைக்கே போ என்று உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. உங்கள் ஊரில் எபிஸ்கோப்பல் கோயில் இருக்கும், விசாரி. அது இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த நம்ம ஆங்கிலிக்கன் குடும்பம்தான். ஆராதனை முறையும் திருவிருந்தும் நம்ம சி.எஸ்.ஐ. போலவே இருக்கும், உனக்கு அந்நியமாகத் தெரியாது. 1989-லேயே ஒரு கறுப்பினப் பெண்ணைப் பேராயராக அபிஷேகம் பண்ணின சபை அது. ஒரு ஞாயிறு போய் உட்கார்ந்து பார். ஐயரிடம் நேரடியாகக் கேள்: என் அரசியல் இன்னது, என் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பீர்களா என்று. என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

பாட்டனாரின் வேதாகமத்தை அப்பா பைண்டிங் போட்டு வைத்திருக்கிறார், பேரனுக்கு. ஞானஸ்நானத் தேதியைச் சொன்னால் டிக்கெட் போடுவார். கிறிஸ்மஸ் நேரத்தில் விலை கூடிவிடும், அதனால் சீக்கிரம் சொல்லு.

உன் அம்மா