வேலி போட்ட பிறகு கையெழுத்து கேட்டு என்ன பயன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

காட்டை அழிக்காதீர்கள், மரங்களை வெட்டாதீர்கள் என்று கையெழுத்து திரட்டுகிறவர்களைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சு இருக்கிறது. "தனக்கு வீடு வாங்கி உட்கார்ந்தாச்சு, அடுத்தவன் பிள்ளைக்கு வீடு வேண்டாமா?" என்பது ஒன்று. "இந்த ஊரில் முடிவு செய்தது செய்ததுதான், கத்திப் பிரயோஜனமில்லை" என்பது இன்னொன்று. சிங்கப்பூரில் தேக்கா காப்பிக் கடையில் ஒரே மேசையில் இரண்டையும் கேட்கலாம். சில சமயம் ஒரே ஆளிடமிருந்தே கேட்கலாம்.

நான் மரம் கவாத்து செய்யும் குத்தகை நிறுவனங்களில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவன். வேலைக்காலத்தில் பெரும்பகுதி மரம் வெட்டுகிற ஆளை உயரே தூக்கும் பூம் லிஃப்ட்டின் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதிலேயே போனது. நான் வெட்டச் சொன்ன மரங்களும் உண்டு, வெட்டக்கூடாது என்று முதலாளியிடம் வாதாடிய மரங்களும் உண்டு. கையெழுத்து இயக்கங்களால் இங்கே காரியம் நடந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நடக்காமல் போன இடங்களில் பெரும்பாலும் நேரம் கடந்து கேட்டிருப்போம், இல்லையென்றால் சம்பந்தமில்லாத கதவைத் தட்டியிருப்போம்.

டோவர் காட்டை எடுத்துக்கொள்வோம். கிம் மோவை ஒட்டி 33 ஹெக்டேர். கம்பத்துக் (கிராமத்து) காலத்தில் யாரோ வைத்த பழமரங்களும், தானாக முளைத்து ஓங்கிய அல்பீசியாவும் கலந்த இடம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) 2020 கடைசியில் சுற்றுச்சூழல் ஆய்வறிக்கையை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்டது. பலருக்கு அப்போதுதான் அங்கே ஒரு காடு இருப்பதே தெரிந்தது. ஆனால் அந்த நிலம், எந்த நிலம் எதற்கு என்று குறிக்கும் 2003ஆம் ஆண்டுப் பெருந்திட்டத்திலேயே குடியிருப்புக்கு என்று குறிக்கப்பட்டுவிட்டது. கிளமெண்டி காடு அதற்கும் முன்னால், 1998லேயே. ஒளித்து வைத்த ரகசியம் ஒன்றுமில்லை. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். டோவரில் 17 ஆண்டு கழித்துத்தான் நமக்குச் சத்தம் போடத் தோன்றியது.

அப்படியும் அந்தச் சத்தம் வீண் போகவில்லை. சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் அங்குள்ள பறவைகளையும் மரங்களையும் கணக்கெடுத்து அறிக்கை கொடுத்தது. அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்கள் எழுதினார்கள். கருத்துச் சொல்லும் கெடுவும் நீட்டிக்கப்பட்டது. 2021 ஜூலையில் முடிவு வந்தது: கிழக்குப் பாதியில் வீடுகள். ஓடை ஓடுகிற, உயிரினங்கள் அதிகமுள்ள மேற்குப் பாதி இப்போதைக்குத் தொடப்படாது. அதில் ஏறத்தாழ 5 ஹெக்டேர் இயற்கைப் பூங்கா. சுமார் பத்தாண்டுகளில் மறுபடி பரிசீலனை.

பாதிதானே கிடைத்தது என்பவர்களுக்கு ஒரு செய்தி. கிழக்குப் பாதியில் 2022 நவம்பரில் பிடிஓ, அதாவது வீவகவின் புது வீடுகள், விற்பனைக்கு வந்தபோது விண்ணப்பித்தவர்களில் என் அண்ணன் மகளும் ஒருத்தி. குலுக்கலில் கிடைக்கவில்லை, அது வேறு கதை. காடு வேண்டும் என்று பேசுகிற குடும்பத்திலேயே வீட்டுக்கு வரிசையில் நிற்கிறவர்களும் இருக்கிறார்கள். இதில் எதிரணி என்று யாரைச் சொல்வது?

எனக்குக் கவலையெல்லாம் அந்தப் "பத்தாண்டுகளில் பரிசீலனை" பற்றித்தான். அன்று கையெழுத்து போட்டவர்களில் எத்தனை பேர் அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்திருப்பார்கள்?

முன்கூட்டியே கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ரயில் பாதையே சாட்சி. தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து மலேசியாவுக்குக் கடைசி ரயில் கிளம்பியது 2011 ஜூன் 30 இரவு. ஜொகூர் சுல்தானே ஓட்டிப் போனார், நம்மில் பலர் பார்க்கப் போயிருப்போம். ஆனால் அந்தத் தடத்தைப் பசுமைப் பாதையாக விட்டுவைக்க வேண்டும் என்ற யோசனையை இயற்கைச் சங்கம் 2010லேயே எழுதிக் கொடுத்துவிட்டது. ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கொடுத்தார்கள். இன்று அந்த 24 கிலோமீட்டர் தடத்தின் பெரும்பகுதியில் நடக்கிறோம், சைக்கிள் ஓட்டுகிறோம். துண்டு போட்டு விற்றிருந்தால் மறுபடி சேர்த்திருக்க முடியாது.

புலாவ் உபின் தீவின் செக் ஜாவா கடற்கரை கடைசி நேரத்தில்தானே தப்பியது என்று யாராவது கேட்கலாம். உண்மைதான். 2001ல் நிலமீட்பு வேலை தொடங்கும் தறுவாயில் இருந்தது, டிசம்பரில் ஒத்திவைத்தார்கள். ஆனால் அங்கே தொண்டூழியர்கள் வெறும் கையெழுத்தோடு போகவில்லை. அலை வற்றும் நேரம் பார்த்துச் சேற்றில் இறங்கி, எந்த உயிரினம் எங்கே இருக்கிறது என்று பதிவு செய்து கொடுத்தார்கள். அதிகாரிகளுக்கு மறுக்க முடியாத கணக்கு கிடைத்தது.

இனி என் பேட்டைக் கதை. பெயர் சொல்லப்போவதில்லை, எந்த நகர மன்றம் என்ற வம்பு எதற்கு? மேற்கு வட்டாரம் என்பதோடு விடுகிறேன்.

எங்கள் பலமாடிக் கார்நிறுத்துமிடத்தை ஒட்டிப் பழைய மழைமரங்கள் வரிசையாக நிற்கின்றன. ஊரில் தூங்குமூஞ்சி மரம் என்போமே, அதுதான். பக்கத்துத் திடலில் கட்டுமான வேலை வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும் இளையர்கள் சிலர் மனு தயாரித்து, தபால்பெட்டிகளுக்கு அருகில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். நானும் துணைக்கு உட்கார்ந்தேன். கையெழுத்து நிறையவே சேர்ந்தது. மனு நகர மன்றத்துக்குப் போனது. சில வாரம் கழித்துப் பதில் வந்தது: சம்பந்தப்பட்ட அமைப்புக்கு அனுப்பிவிட்டோம். அந்த அமைப்பு வேறொரு அமைப்பைக் கைகாட்டியது. இதற்குள் திடலைச் சுற்றித் தகர வேலி எழும்பிவிட்டது.

அந்த மேசையில் அதிகம் பேருக்குத் தெரியாத விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். பார்வைக்கு ஒரே வரிசையாக இருந்தாலும் அந்த மரங்களுக்குச் சொந்தக்காரர்கள் வேறு வேறு. புளோக்கைச் சுற்றியுள்ள பொது இடத்து மரத்தைப் பராமரிப்பது நகர மன்றம். நாலடி தள்ளிச் சாலையோரத்தில் நிற்பது தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பு. கம்பி வேலிக்கு அந்தப்புறம் அரசு நிலம் என்றால் சிங்கப்பூர் நில ஆணையம். திடலில் என்ன கட்டலாம் என்பதை நகர மன்றம் தீர்மானிப்பதே இல்லை, அது நகர மறுசீரமைப்பு ஆணையமும் வீவகவும் பார்க்கிற காரியம். லண்டனிலோ மெல்பர்னிலோ இருக்கும் உறவினர்கள் தங்கள் வட்டாரக் கவுன்சிலை நெருக்கியே இதையெல்லாம் கேட்பதாகச் சொல்கிறார்கள். நம் ஊரில் அந்த மாதிரி மாநகர மன்றம் 1959லேயே கலைக்கப்பட்டுவிட்டது. இப்போதுள்ள நகர மன்றங்கள் எண்பதுகளின் இறுதியில் சட்டம் போட்டு வந்தவை. மின்தூக்கி, துப்புரவு, பொது விளக்கு, இதுதான் அவற்றின் உலகம். அவற்றிடம் போய்க் காட்டைக் காப்பாற்றச் சொன்னால் கடிதம் ஊர் சுற்றத்தான் செய்யும். வட்டாரப் புகார்களுக்கான ஒன்சர்விஸ் செயலியில் போட்டால் உரிய இடத்துக்குப் போய்ச் சேரும் என்பது நல்ல வசதி. ஆனால் அது உடைந்த விளக்குக்கும் முறிந்த கிளைக்கும் சரி, நிலப் பயன்பாட்டை மாற்றக் கேட்பதற்கு அல்ல.

மேசையில் நடந்த இன்னொன்று. ஓர் இளம் தம்பதி நின்று மனுவை முழுதும் படித்தார்கள். நம் பிள்ளைகள்தான். அந்தப் பெண் கேட்டாள்: "அங்கிள், நாங்க பிடிஓ போட்டுப் போட்டுக் கிடைக்கல. இதுல கையெழுத்து போட்டா எங்களுக்கு இன்னும் லேட்டாகுமா?" மேசையில் யாரிடமும் பதில் இல்லை. மனுவில் "வேண்டாம்" என்பது மட்டுமே இருந்தது. எங்கே கட்டலாம் என்று ஒரு வரி கூட இல்லை. அவர்கள் கையெழுத்திடாமல் போனார்கள், அவர்கள் மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

எங்கே கட்டலாம் என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ஏற்கெனவே மனிதன் கைவைத்த நிலத்தில் கட்டுவதை அரசாங்கமே செய்துகொண்டுதான் இருக்கிறது. கெப்பல் கிளப் கோல்ஃப் திடல் இருந்த இடத்தில் சுமார் 9,000 வீடுகள் வரவிருக்கின்றன, அதில் 6,000 வீவக வீடுகள். புக்கிட் தீமா பழைய குதிரைப் பந்தயத் திடலில் 15,000 முதல் 20,000 வரை. பாய லேபார் விமானப்படைத் தளம் 2030களில் இடம் மாறிய பிறகு அந்த வட்டாரத்தில் 150,000 வீடுகளுக்கு இடமிருக்கும் என்கிறார்கள். "காட்டுக்கு முன்னால் கோல்ஃப் திடலை எடுங்கள், காலாவதியான கார்நிறுத்துமிடத்தை எடுங்கள்" என்று மனுவில் எழுதினால் அந்தத் தம்பதியும் கையெழுத்திடுவார்கள். எண்ணிக்கையும் கூடும், நியாயமும் கூடும்.

அப்புறம், கேட்பதைத் துல்லியமாகக் கேட்க வேண்டும். இதில் என் தொழில் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். "மரத்தைக் காப்பாற்றுங்கள்" என்று எழுதினால் "காப்பாற்றுகிறோம்" என்று பதில் வரும், மரமும் அப்படியே நிற்கும். ஆனால் அதன் வேர்மேல் சிமெண்டுக் கலவை லாரி தினமும் ஏறி இறங்கும். மழைமரத்தின் வேர் ஆழமாகப் போவதைவிட அகலமாகப் போவதுதான் அதிகம், கிளை விரிந்த எல்லையையும் தாண்டிப் போகும். மண் இறுகினால் வேருக்குக் காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஒரு பக்கம் கால்வாய்க்குத் தோண்டி வேரை அறுத்துவிட்டால் அந்தப் பக்கம் பிடிப்பும் போயிற்று. முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு உச்சிக் கிளைகள் மொட்டையாகத் தொடங்கும், அடியில் காளான் முளைக்கும். மரம் ஆபத்தாகிவிட்டது என்று ஒரு நிபுணர் எழுதிக் கொடுப்பார். அவர் எழுதுவது பொய்யல்ல, அதற்குள் அது உண்மையிலேயே ஆபத்தாகியிருக்கும். செயின்சாவோடு என் மாதிரி ஆட்கள் வருவோம்.

ஆகவே மனுவில் கேட்க வேண்டியது: எந்தெந்த மரம், அடிமரச் சுற்றளவு என்ன, வேலை தொடங்குமுன் வேரைச் சுற்றி எவ்வளவு தூரத்துக்குத் தடுப்பு, அதற்குள் வண்டி நிறுத்தாமல் யார் பார்த்துக்கொள்வது. மரப் பாதுகாப்புப் பகுதிகளிலும் காலி நிலத்திலும் சுற்றளவு 1 மீட்டருக்கு மேற்பட்ட மரத்தை வெட்டத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளப்பார்கள். தையல்காரர் வைத்திருக்கும் நாடா போதும், பள்ளிப் பிள்ளைகளை வைத்தே அளந்துவிடலாம்.

அல்பீசியாவுக்காக மட்டும் யாரும் உயிரைக் கொடுக்காதீர்கள் என்பது என் சொந்தக் கருத்து. கழுகு கூடு கட்டும், பார்க்க அழகாக இருக்கும், காட்டுக்குள் இருந்தால் இருக்கட்டும். ஆனால் மென்மையான மரம், சுமத்ரா காற்றுக்கு மடேரென்று முறியும். புளோக் அருகில் நிற்பதை எடுக்கத்தான் வேண்டும். இதையெல்லாம் பிரித்துச் சொன்னால்தான் அதிகாரியும் காது கொடுப்பார்.

கிராஞ்சிக் காட்டில் 2021ல் என்ன ஆனது என்று பலருக்கும் ஞாபகம் இருக்கும். ஆய்வு முடிவதற்குள் சுமார் 4.5 ஹெக்டேர் தவறுதலாக வெட்டப்பட்டுவிட்டது. சமூக ஊடகத்தில் படம் பரவிய பிறகுதான் விஷயமே வெளியில் வந்தது. பார்த்துக்கொண்டிருக்கிற கண்கள் இருப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை.

அடுத்த சுற்று காட்டில் அல்ல, பழைய பேட்டைகளில்தான் வரும் என்று நினைக்கிறேன். தங்ளின் ஹால்ட்டில் 31 புளோக்குகளை எடுக்கும் அறிவிப்பு 2014ல் வந்தது. இனி வெர்ஸ் எனப்படும் முன்கூட்டிய மறுமேம்பாட்டுத் திட்டமும் 2030களில் தொடங்கவிருக்கிறது. அறுபது, எழுபதுகளில் கட்டிய பேட்டைகளில் கட்டடத்துக்கு வயதாகிவிட்டது. ஆனால் அங்குள்ள மரங்களுக்கு இப்போதுதான் நல்ல பருவம். அந்த நிழலைக் கன்று நட்டு ஈடுகட்ட இன்னொரு தலைமுறை ஆகும். புளோக்கை இடித்துக் கட்டுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் புதுப் புளோக்கின் வரைபடம் போடுமுன் மரங்களை வரைபடத்தில் ஏற்றுங்கள் என்று குடியிருப்பாளர்கள் இப்போதே கேட்க ஆரம்பிக்கலாம். நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்கு எத்தனையோ காரியமாகப் போகிறோம், இதற்கும் போகலாமே.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். 2025ல் பெருந்திட்ட நகலை மேக்ஸ்வெல் சாலையில் கண்காட்சியாக வைத்தார்கள். அங்கே போய்ப் பார்க்க நேரமும் தெம்பும் எல்லாருக்கும் இருக்காது. அதோடு, பெருந்திட்டத்தில் நடுநடுவே மாற்றங்களும் முன்மொழியப்படுகின்றன. அவற்றுக்குக் கருத்துச் சொல்லக் கெடு உண்டு. அந்த அறிவிப்பு வரும்போதெல்லாம் உங்கள் பத்திரிகையில் ஒரு சின்னக் கட்டம் போட்டுத் தமிழில் தர முடியுமா? இடம் எது, இப்போது அங்கே என்ன இருக்கிறது, இனி என்ன வரப்போகிறது, எந்தத் தேதிக்குள் யாருக்கு எழுத வேண்டும். நான்கு வரி போதும். வரைபடம் படிக்கத் தெரிந்த இளையர் ஒருவர் கிடைத்தால் தொகுத்துக் கொடுக்க நானும் கூட உட்காரத் தயார். மரங்களின் பெயர் என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மரப் பராமரிப்பு மேற்பார்வையாளர்,
மேற்கு வட்டாரம், சிங்கப்பூர்