வயிற்றைத் தானமாகக் கொடுத்தவரா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செரிமான ஆய்வின் வரலாறு பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையில், அமெரிக்க எல்லைக் கோட்டையொன்றின் ராணுவ மருத்துவர் வில்லியம் போமாண்ட் இரைப்பை அமிலத்தைக் கண்டுபிடித்தார் என்றும், அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற நோயாளி தம் உடலை ஆராய்ச்சிக்கு மனமுவந்து அளித்தார் என்றும் எழுதப்பட்டிருந்தது. நெடுங்காலம் விலங்கியல் கற்பித்தவன் என்ற முறையில் இவ்விரண்டையும் திருத்த விரும்புகிறேன்.

முதலாவது சிறிய பிழைதான். இரைப்பைநீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருப்பதை லண்டன் மருத்துவர் வில்லியம் பிரௌட் 1824-லேயே வெளியிட்டுவிட்டார். போமாண்டின் முதல் சோதனை 1825 ஆகஸ்டில்தான் நடந்தது.

இரண்டாவது பிழையை அப்படி விட்டுவிட முடியாது. 1822 ஜூன் 6 அன்று, ஹியூரன், மிச்சிகன் ஏரிகள் சந்திக்கும் இடத்திலுள்ள மாக்கினா தீவில், விலங்குத்தோல் வாங்கி விற்கும் நிறுவனத்தின் கடையில் யாருடைய துப்பாக்கியோ தவறி வெடிக்க, அருகில் நின்ற படகுத் தொழிலாளி செயின்ட் மார்ட்டினின் இடது விலாவுக்குக் கீழே குண்டுகள் பாய்ந்தன. குன்றின் மேலிருந்த கோட்டையிலிருந்து வந்து பார்த்த போமாண்டைத் தவிர அத்தீவில் வேறு மருத்துவர் இல்லை. அவரும் கல்லூரிப் பட்டம் பெற்றவரல்லர். வெர்மான்டில் ஒரு மருத்துவரிடம் உடனிருந்து தொழில் பழகிப் படையில் சேர்ந்தவர். உண்ட காலைச் சிற்றுண்டி காயத்தின் வழியே வழிவதைக் கண்டு, ஆள் தப்பமாட்டார் என்றே நினைத்தார். பதினேழு நாள்கள் உண்டதெல்லாம் அவ்வழியே வெளியேறியது. ஆள் பிழைத்துக்கொண்டார், இரைப்பைக்குள் திறந்திருந்த துளை மட்டும் மூடவேயில்லை. அவரைப் பராமரிக்க இயலாதென்று ஊரார் கைவிட்டு, கனடாவுக்கே அனுப்பிவிட முனைந்தபோது, சொற்பச் சம்பளக்காரரான போமாண்ட் தம் வீட்டில் வைத்துக் காயத்துக்கு மருந்திட்டார். அந்த நன்மையை மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்த வீட்டில் செயின்ட் மார்ட்டின் விறகு பிளக்கும் வேலைக்காரராகவும் இருந்தார். மாட்டிறைச்சி, உப்பிட்ட பன்றிக்கொழுப்பு, பழைய ரொட்டி, பச்சை முட்டைகோஸ் ஆகியவற்றைப் பட்டுநூலில் கட்டித் துளைக்குள் இறக்கி, ஒரு மணி நேரம் கழித்து இழுத்துப் பார்த்தார் போமாண்ட். முட்டைகோஸும் ரொட்டியும் பாதி கரைந்திருந்தன. இறைச்சி அப்படியே இருந்தது. வயிற்றில் வேதனை, தலைவலி என்று பிற்பகலில் அவர் முறையிட்டதையும் போமாண்டே குறித்துவைத்திருக்கிறார். பின்னர், இரைப்பைநீரைக் குப்பியில் எடுத்து, உடலின் சூடான 100 பாரன்ஹீட் அளவில் வைத்து அதிலேயே இறைச்சியைக் கரைத்துக் காட்டினார்; செரிமானம் ஒரு வேதிச்செயல் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று அக்காலத்தில் இல்லை. 1833-இல் அவர் நூலாக்கிய இந்தச் சோதனைகளே அவருடைய உண்மையான சாதனை. அமிலத்தைக் கண்டுபிடித்ததாகச் சொல்லி அதைப் பெருக்கத் தேவையில்லை.

1825-லேயே செயின்ட் மார்ட்டின் சொல்லாமல் கொள்ளாமல் கனடாவுக்குப் போய்விட்டார். மணம் செய்துகொண்டார். 1829-இல் தோல் வணிகர்களின் ஆள்களைக் கொண்டு அவரைத் தேடிப்பிடித்து, மிசிசிப்பிக் கரையிலிருந்த கிராஃபோர்டு கோட்டைக்கு வரவழைத்தார் போமாண்ட். 1832-இல் எழுதிய ஒப்பந்தப்படி, ஆண்டுக்கு 150 டாலரும் உணவும் உறைவிடமும் கூலி. எழுதப் படிக்கத் தெரியாத அவர் பெருக்கல் குறியிட்டு அதை ஏற்றார். பின்னர் ஊர் திரும்பிய பிறகு, போமாண்ட் எத்தனையோ கடிதங்கள் எழுதியும் அவர் வரவேயில்லை.

1880-இல் கியூபெக்கில் அவர் இறந்தபோது, மருத்துவர்கள் உடலை அறுத்துப் பார்க்கக் கூடாதென்று, அது அழுகும்வரை வீட்டிலேயே வைத்திருந்து, எட்டடி ஆழத்தில் புதைத்தனர் குடும்பத்தார். மனமுவந்து கொடுத்தவர் வீட்டில் அப்படிச் செய்வார்களா? தாங்கள் வெளியிடும் திருத்தத்தில் அந்தச் சொல்லை நீக்கிவிட்டு, கூலிக்குக் கையொப்பமிட்டார் என்று போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
கும்பகோணம்